பூட்டச் சொல்கிறார்கள், அண்ணா

என் செந்தில் அண்ணாவுக்கு,

நெஞ்சுவலி என்று நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது ஓடவிட்டுப் போன கணினிகள் நம் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பின்னறையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அம்மா அந்தப் பக்கமே வருவதில்லை. ஃபேன் சத்தம் கேட்டால் நீ உள்ளே இருக்கிற மாதிரியே இருக்கிறதாம். எனக்கும்தான்.

நம் கம்பெனி மூழ்கிக்கொண்டிருக்கிறது அண்ணா. காலேஜ்களும் சின்னக் கம்பெனிகளும் தங்களிடம் இருக்கிற கணினியிலேயே ஏஐ ஓட்டட்டும் என்று நாம் எழுதிய மென்பொருளை, ஓப்பன் சோர்ஸ் என்று ஊருக்கெல்லாம் இலவசமாகத் திறந்துவிட்டோம். இப்போது வெளிநாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்று அதை அப்படியே எடுத்து, தன் பெயரில் வாடகைக்கு விடுகிறது. நம்மிடம் வாடிக்கையாளர்களாக வரப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அங்கே போய்விட்டார்கள். யாரைத் திட்டுவது? எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்ததே நாம்தானே.

முதலீடு போட்டவர் நேற்று போன் செய்தார். "புதுசா எழுதுறதை மூடிடுங்க மேடம். காசு குடுக்கறவங்களுக்கு மட்டும் திறங்க. திங்கக்கெழமைக்குள்ள சரின்னு சொல்லலைன்னா, இதுக்கு மேல என்னால முடியாது." அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகையாக வருகிறது.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"நம்ம வூட்ல குழாய் ஒழுகுனா என்னம்மா செய்வோம்?"

"புகார் சொல்லுவோம். ஆள் வருவாங்க."

"வருவாங்க. காசு வாங்க மாட்டாங்க. அதைப் பாத்துகினே வளந்துட்டீங்க ரெண்டு பேரும். குழாய் பாக்க சைக்கிள்ல வந்தவரு மைன்ஸ்ல பர்மனென்ட்டும்மா. அவருக்கு மைன்ஸ் சம்பளம் குடுத்துச்சு. உங்களுக்கு யாரு குடுக்கறது?"

எந்த நாட்டிலிருந்து யார் புகார் எழுதினாலும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவாயே, அதற்கு யார் சம்பளம் கொடுப்பது என்று நாம் ஒருநாளாவது உட்கார்ந்து பேசினோமா? இப்படி ஒரு கம்பெனி பிழைக்குமா அண்ணா? பிழைக்கும் என்று நீயாவது நம்பினாயா, இல்லை எனக்காகச் சொன்னாயா?

இன்னும் உன் பெயருக்குத்தான் எழுதுகிறார்கள். கென்யாவில் ஒரு வாத்தியார், "செந்தில், ஆளையே காணோமே?" என்று கேட்டிருக்கிறார். நம் மென்பொருளை நம்பித்தான் அவர் வகுப்பு நடக்கிறது. மூடிவிட்டால், பழையதை வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் ஓட்டுவார்? நீ இல்லை என்று அவருக்கு ஒரு வரி எழுத உட்காருவதும், முடியாமல் எழுந்துவிடுவதுமாக இருக்கிறேன்.

நான் மூட மாட்டேன் அண்ணா. வெளியே ஏதாவது வேலைக்குப் போகிறேன். கம்பெனி பிழைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. பயமாக இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை அந்த முதலீட்டாளருக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, மென்பொருளைப் பயன்படுத்துகிற எல்லாருக்கும் இதை அனுப்புவேன், சத்தியமாக:

"என் அண்ணன் செந்தில் இறந்துவிட்டார். புகார் சொன்னால் வருவதற்கு இங்கே இனி ஆள் இல்லை. இது உங்களுக்கு வேண்டுமென்றால், நீங்கள்தான் சரிசெய்ய வர வேண்டும்."

முதல் வரியை இப்போதுதான் கணினியில் அடித்து முடித்தேன்.

உன் சைக்கிள் கேரியரிலேயே பள்ளிக்கூடம் போய்வந்த தங்கச்சி,
மலர்