நீ ஊருக்குப் போட்டுக் காட்டிய டிரம்பெட்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், இத்தனை நாளாக என் போனை எடுக்காமல் தட்டிக்கழிக்கவே உடம்பில் நல்ல தெம்பு வேண்டுமே. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, உன் அக்கா புதுவீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டாள், அவள் பெண் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள், நடந்துபோய் அதே சுவரில் கிறுக்குகிறாள். க்ஷேம சமாசாரம் ஆயிற்று. இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

நான் கச்சேரி பதிவு செய்கிற பைத்தியம் உனக்குப் புதிதில்லை. மேஜை நாற்காலி விற்கிற கடைக்குக் கீழே அந்த ஹால், தூணோரம் என் இடம், குடைப்பிடியில் கட்டிய மைக், எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்தவன் நீ. ஜாஸ்காரர்கள் ஒரே பாட்டை அடுத்த வாரம் வாசித்தாலும் அது வேறு பாட்டு, பிடித்து வைக்காவிட்டால் காற்றோடு போச்சு. அதனால்தான் பிடித்தேன், கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தேன். எங்கேயோ இருக்கிற ஒரு நர்ஸம்மா வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது கேட்பதாக எழுதுவாள், அதைப் படித்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் குழுவை நடத்துகிற பியானோக்காரரைப் பார்ப்பேன், அவர் தலையசைத்த பிறகுதான் பொத்தானில் கை வைப்பேன். இதையும் நீ பார்த்துத்தானே வளர்ந்தாய்?

உன் லிஃப்ட் மாமாவுக்கு, அந்தப் பெயரை வைத்தவனே நீதான், லிஃப்ட் ரிப்பேரில் ஸ்பேனர் நழுவி முன்பற்கள் இரண்டும் போன கதை உனக்குத் தெரியும். டிரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல் போனால் பாதி உயிர் போன மாதிரி. நான்தான் செயற்கைப் பல் செய்கிற எங்கள் பல்கூடத்தில் அவருக்கு மாற்றுப்பல் செய்து கொடுத்தேன். முதல்முதலாக அதைப் போட்டுக்கொண்டு ஊதிய அன்று அவரேதான் கேட்டார், “தங்கச்சி, இதை நமக்காக மட்டும் பிடிச்சு வை, எங்க பிசகுதுன்னு அப்புறம் உக்காந்து கேட்போம்” என்று. பாட்டு பாதியில் பல் நழுவி, டிரம்பெட் கீச்சிட்டு, அவர் நிறுத்திவிட்டு, குழறிக் குழறி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஹாலில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதைத்தான் நீ லீவுக்கு வந்த இடத்தில் வீட்டுக் கணினியில் இருந்து எடுத்து, ‘பல்செட் கச்சேரி’ என்று பெயர் வைத்து, பல்லிளிக்கிற பொம்மையும் ஒட்டி உலகத்துக்கே அனுப்பினாய்.

கடைசியாகப் போனை எடுத்த அன்று கேட்டதற்கு, “நீதானேம்மா எல்லாத்தையும் ஊருக்குக் குடுக்கிற, இதுல மட்டும் என்ன” என்றாய். அடேய், விருந்துக்குக் கூப்பிடுவதும் குளியலறைக் கதவைத் திறந்து காட்டுவதும் ஒன்றா? அவர் கோட்டைப் போர்த்திக்கொண்டு மேடைக்குப் பின்னால் தூங்கிய பிள்ளையடா நீ. அந்தக் கோட்டின் சூட்டுக்காவது நன்றி வேண்டாமா?

நடந்ததைக் கேள். அலுவலகக் கட்டடம் ஒன்றில் அவர் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து கம்பிவடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கீழே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலைந்து பேர் போனில் எதையோ கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். கேட்டது அவரை. மேலே அந்த மனிதர் கையில் கிரீஸோடு, தன் டிரம்பெட் கீச்சிடுவதையும் தான் மன்னிப்புக் கேட்பதையும், அவர்கள் அதையே திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிப்பதையும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர்கள் போன பிறகுதான் இறங்கினாராம்.

அப்படியே நேராக என் பல்கூடத்துக்கு வந்தார். கைக்குட்டையில் சுற்றிய பல்லை மேஜைமேல் வைத்தார். “உன்மேல கோவமில்ல தங்கச்சி, ஆனா இனிமே நான் ஊதுறதா இல்ல” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பியானோக்காரர் ஆள் அனுப்பி, இனிமேல் அந்தப் பதிவு மெஷினை ஹாலுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிரம்ஸ்காரன் தெருவில் எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிறான். நான் யாரிடம் போய் என்ன நியாயம் பேசுவேன்? பதிவு என்னுடையது, பிள்ளை என்னுடையவன்.

நீ அழித்துவிட்டாய், சரி. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? இன்னும் எவனெவனோ அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறான். நான் அழுதுகொண்டு உட்காரவில்லை. அந்தப் பதிவையே காதில் மாட்டிக்கொண்டு எத்தனையோ தடவை கேட்டேன். மேல்சுருதிக்குப் போகும்போது பல்லோரம் காற்று சீறுவது தெரிந்தது. பல்லின் உள்பக்கத்தை மெலிதாக இழைத்து, விளிம்பைத் திரும்ப வார்த்து, அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி கதவைப் பாதி திறந்து, “இன்னும் எதைப் பிடிக்க வந்திருக்கே?” என்று கேட்டார். உனக்காக அந்த வார்த்தையை நான் வாங்கிக்கொண்டேன். வாசலிலேயே நின்றேன். கடைசியில் அவரே வந்து, “பல்லைக் கையில வெச்சுக்கிட்டு நிக்காதே, பாக்கிறவங்க பயந்துடுவாங்க” என்றார். அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சமையலறையில் நின்றபடி ஊதிப் பார்த்தார். சீறல் இல்லை. பிறகு தண்ணீர் குடித்தார்.

போன வாரம் ஹாலுக்கு வந்து அதே பாட்டை எடுத்தார். நான் மெஷின் இல்லாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கை தன்பாட்டுக்குப் பொத்தானைத் தேடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நின்ற இடத்தைத் தாண்டி அவர் எங்கெங்கேயோ போனார், டிரம்ஸ்காரன் குச்சியை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான், உன் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. அதைப் பிடித்து வைக்க ஆளில்லை. அந்த நர்ஸம்மாவுக்கும் இல்லை, உனக்கும் இல்லை.

என் கோபம் ஆற நாளாகும், அவசரப்படுத்தாதே. வேளைக்குச் சாப்பிடு, பனியில் தலை நனையாமல் பார்த்துக்கொள், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. லிஃப்ட் மாமாவை நீயே போனில் கூப்பிடு, இரண்டு வரி எழுதி அனுப்பித் தப்பிக்காதே. மதியச் சாப்பாட்டு வேளையில்தான் அவருக்கு ஓய்வு. அது ஊதுவதற்கென்று செய்த பல் என்பதால் சாப்பிடும்போது கழற்றி வைத்திருப்பார், பேச்சு கொஞ்சம் குழறும். சிரித்துத் தொலைக்காதே.

உன் மேல் தீராத கோபத்தோடும், அதைவிடத் தீராத அன்போடும்,
அம்மா