வாங்க என்று சொன்னது யார்

அக்கா,

நேற்று மாலை என் மகளின் கணினித் திரையில் ஒரு சிறு பெட்டி வந்து நின்றது. அவளுக்குச் சரவணம்பட்டியில் வேலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் ஆன்லைன் விளையாட்டில் உட்கார்ந்துவிடுவாள். அதை நடத்தும் கம்பெனிக்காரர்கள், விளையாட்டோடு ஒட்டவைக்க வெளியார் எழுதும் ஆட்-ஆன் என்கிற குட்டி நிரல்களை இனிமேல் தாங்களே சோதித்து அனுமதிக்கப் போகிறார்களாம். 'நிறுவவா?' என்று பெட்டி கேட்டது. "கம்பெனியே பாத்து உட்டதும்மா, பயமில்ல" என்று சொல்லி அழுத்திவிட்டாள்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போனேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன், மறுபடி போனேன். நீங்கள் இருந்தால் "கால்ல சக்கரத்தக் கட்டிட்டுத் திரியறே" என்று சிரித்திருப்பீர்கள். இத்தனை வருடம் கழித்தும் இந்தச் சக்கரம் கழலவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் நாங்கள் மூன்று பேர் கூட்டாகக் கணினிப் பயிற்சி நிலையம் வைத்திருந்தோம். பகலில் பாடம், மாலையில் எங்கள் சந்தை விளையாட்டு. படம் கிடையாது, எல்லாம் எழுத்து. மோடத்தை அலறவிட்டு, போன் வழியாக எங்கள் கணினிக்குள் வந்தால் ஆளுக்கொரு கடை. ஒரு ஊர்ச் சந்தையில் வாங்கி, மலைப்பாதையில் ஓட்டிப்போய், இன்னோர் ஊரில் விற்க வேண்டும். வழியில் யானை வரும். கண் மூடித் திறப்பதற்குள் சரியான கட்டளையைத் தட்டாவிட்டால் சரக்கு போச்சு. பேச்சுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ்.

நீங்கள் சென்னிமலையிலிருந்து போன் வழியாக வருவீர்கள். உங்கள் தம்பியின் போர்வை வியாபாரத்துக்கு நீங்கள்தான் கணக்கு. ஆபீஸ் அடங்கிய பிறகு அதே கணினியில் எங்களிடம் கடை விரிப்பீர்கள். முதலில் யானையிடம் தோற்றுக்கொண்டே இருந்த நீங்கள், திடீரென்று ஒருநாள் முதல் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. மற்றவர்கள் புகார் சொன்னார்கள். ஏதோ நிரல் ஒன்று உங்களுக்குப் பதிலாகத் தட்டுகிறது, அது எங்கள் விதிக்கு விரோதம், வெளியேற்ற வேண்டும் என்றார்கள். விசாரிக்கக் கூட்டாளிகள் என்னை அனுப்பினார்கள்.

பெரிய அதிகாரி மாதிரி பஸ் ஏறி வந்தேன். நீங்கள் காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அணைத்தபடி கொண்டுவந்தீர்கள். விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்தன. முடக்குவாதம். நான் கேட்க வந்ததைக் கேட்காமலே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "என்ற வெரலு மெதுவாத்தான் வருமுன்னு யானைக்குத் தெரியுமா அம்மணி?"

திரும்பி வந்து கூட்டாளிகளோடு சண்டை போட்டேன். திருட்டுத்தனமாக ஓட்டினால்தானே குற்றம், நாமே அனுமதி கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். எழுதியவர் நிரலை எங்களிடம் கொடுக்க வேண்டும், நாங்கள் வரிவரியாகப் படித்துச் சோதித்து, கெடுதல் இல்லை என்றால் எல்லோருக்கும் திறந்துவிடுவது என்று முடிவானது. ஒரு கூட்டாளி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு யானைக்குப் பதில் சொல்லும், நாளைக்கு ஆளுக்குப் பதில் சொல்லுமுங்க" என்றார். எனக்கு அப்போது அது வயிற்றெரிச்சல் பேச்சாகப் பட்டது.

நன்மை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் சந்தை விலைகளை ஒரே மூச்சில் அள்ளிவரும் நிரல் எழுதினார், போன் பில்லுக்குப் பயந்து நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். கண் பார்வை மங்கிய ஒருவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஒன்று வந்தது. உங்களைப் போல ஓரமாக நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்தார்கள். ஆனால் அந்த விலை நிரல் இல்லாத புதிய ஆள் சந்தைக்குள் நுழையும்போது வாங்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. அனுமதி பெற்றது என்ற சொல்லை நம்பி, எங்கள் கண்ணில் படாத ஏதோ ஒன்றையும் சேர்த்துப் போட்டு, கடவுச்சொல்லைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. கதவைத் திறந்தால் காற்றும் வரும், கொசுவும் வரும். இதற்கெல்லாம் நான் கலங்கவில்லை.

கலங்கியது உங்கள் இரண்டாவது ஆட்-ஆனுக்குத்தான். உங்கள் கடைக்கு யாராவது வந்தால், நீங்கள் 'வாங்க' என்று தட்டி முடிப்பதற்குள் அவர்கள் போயே விடுவார்கள். தலைக்கனம் என்று யாரோ சொன்னதாக உங்கள் காதுக்கு எட்டியது. யானையிடம் சரக்கை இழந்தபோது சிரித்த நீங்கள் அன்று போனில் கிட்டத்தட்ட அழுதீர்கள். "வந்தவீங்கள வாங்கன்னு கேக்காத ஊடு ஒரு ஊடா அம்மணி?" என்றீர்கள். நியாயம்தானே. நம் பக்கத்தில் சொத்துத் தகராறு இருக்கிற வீட்டில்கூட முதலில் 'வாங்க' உண்டு.

நீங்களே எழுதி அனுப்பினீர்கள். யார் நுழைந்தாலும் 'வாங்க, நல்லா இருக்கீங்களா, சாப்டாச்சுங்களா' என்று கேட்கும். பதில் வந்தால் 'அப்படீங்களா' என்னும். இன்னும் பேசினால் 'சரிங்க, பாத்துக்கலாமுங்க.' நான்தான் சோதித்தேன். சிரித்துக்கொண்டே அனுமதித்தேன். இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர்கள் ஒரு கல்யாண வீட்டையே ஓட்டிவிடுவார்கள், ஒரு கடையை ஓட்ட முடியாதா?

ஓட்டியது. தினமும் மாலை வேலை முடிந்ததும் உங்கள் கடைக்கு வருவேன். முதல் வரி நிரல் சொல்லும், பிறகு நீங்கள் மெதுவாகத் தட்டிப் பேசுவீர்கள். கொஞ்ச நாளில் உங்கள் பேச்சு சுருங்கியது. விரல் வலி கூடியிருக்கும் என்று நினைத்து நானே இருவருக்கும் சேர்த்துப் பேசினேன். மாமியார் கதை, வீட்டுக்காரர் உடுமலைப்பேட்டைக்கு மாற்றலாகிப் போனது, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிற சேதி. அந்தச் சேதியை அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொன்னேன். 'அப்படீங்களா' என்று வந்தது. என்ன அமைதியான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் உங்கள் தம்பி எங்கள் நிலையத்துக்கு வந்தார். நீங்கள் போய்விட்டீர்கள் என்றார். காரியமும் முடிந்துவிட்டதாம். கடைசி வாரங்கள் முழுக்க நீங்கள் கோயம்புத்தூரிலேயே ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறீர்கள். எங்கள் நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போனால் உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். ஆள் வராத கடையின் சரக்கு அழுகிப்போகும் என்பது எங்கள் விளையாட்டின் விதி. அதனால் தினமும் மாலை கணினியைப் போட்டுவிடச் சொல்லித் தம்பியிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு 'வாங்க' சொன்னது நிரல்.

நான் அவரைத் திட்டினேன், அக்கா. ஒரு வரி தட்டியிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"அக்காதானுங்க வேண்டாம்னாங்க," என்றார். "நீங்க பேசுனதெல்லாம் ஸ்கிரீன்ல படிச்சு வெச்சுட்டு, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஒண்ணு விடாம சொல்லுவேனுங்க. மாசமா இருக்கீங்கன்னு சொன்ன அன்னிக்கு எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. இந்த நேரத்துல அவ இங்க வரக்கூடாது, அங்க கடைக்கே வந்து பேசட்டும், நான் கேட்டுக்கறேன்னு சொல்லிப்போட்டாங்க."

அதைக் கேட்டு ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அடங்கவில்லை. நான் பேசியது உங்களுக்கு வந்து சேர்ந்தது, நீங்கள் எழுந்து உட்கார்ந்தது எனக்கு வரவில்லை. உங்கள் கையை விளையாட்டுக்குள் கொண்டுவந்த அதே அனுமதி, உங்கள் வலியை என்னிடமிருந்து மறைத்தது. இரண்டுக்கும் நான்தான் சோதித்துச் சரி என்று சொன்னேன், மறுபடி அப்படி ஒரு நிரல் வந்தாலும் சரி என்றுதான் சொல்வேன் போலிருக்கிறது. அதில் ஒரு வரிகூடப் பிழை இல்லை. கோபமெல்லாம் உங்கள்மேல்தான். மாசமாக இருப்பவள் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாது என்று உங்களிடம் யார் சொன்னார்கள்? நான் வந்திருப்பேன். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உங்களால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரையும் 'சாப்டாச்சுங்களா' என்று கேட்டு நிறுத்துவதில்லை. 'என்ன கொழம்பு' என்று கேட்கிறேன். போனில் கேட்கிறேன், மெசேஜில் கேட்கிறேன், மகளிடம் மத்தியானம் ஆபீசுக்கே கூப்பிட்டுக் கேட்கிறேன். அவளுக்கு எரிச்சல். மற்றவர்களும் இவளுக்குக் கிறுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். சாப்டாச்சு என்று எந்த நிரலும் சொல்லிவிடும், அக்கா. என்ன குழம்பு என்று சொல்ல ஆள் இருக்க வேண்டும்.