பனி பெய்தால் முளைக்கும் கனசதுரங்கள்

ஜனவரி 10, செவ்வாய்

நுண்ணோக்கி இன்றும் நடுங்கியது. நான்காம் நம்பர் டிராம் வளைவில் திரும்பும்போதெல்லாம் இந்தக் கிழட்டு இயந்திரத்துக்குக் குளிர்ஜுரம் வந்துவிடும். படத்தில் துகள்கள் இரட்டை இரட்டையாகத் தெரியும். எங்கள் செக் நாட்டு ப்ர்னோ நகரத்தில் தடுக்கி விழுந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கி செய்கிற ஆள் மேல்தான் விழ வேண்டும். இருந்தும் அந்தத் தண்டவாளத்தை நாலடி தள்ளிப் போட ஒருத்தனுக்கும் மனம் வரவில்லை.

ஷார்கா என்னோடு பேசுவதில்லை. எந்தப் பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லும் நிறமாலைக் கருவி அவள் பொறுப்பு. இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து அறை. கோபத்துக்குக் காரணம் என் அறிவிப்பு. நியாயத்தை எழுதித்தான் வைக்கிறேனே. டிசம்பரில் வெளிநாட்டுக் குழு வந்தபோது எடுத்த படம் எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் ஏறியது. எல்லாரும் கோட்டும் டையுமாக நிற்கிறார்கள். நடுவில் நான், கட்டம் போட்ட கம்பளிச் செருப்பில், வலது கால் கட்டைவிரல் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்க. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுச்செருப்பு மாட்டிக்கொள்வது இங்கே எல்லாரும் செய்வதுதான். அதற்காக, டோசென்ட் பட்டம் வாங்கப் போகிறவன் தன் விரலை உலகத்துக்குக் காட்டலாமா?

செருப்பு அலமாரியைத் தூக்கிக் கிடங்கில் போட்டேன். "இனி அனைவரும் வெளிக்காலணியுடனேயே பணியாற்றுவர். - ஆய்வகத் தலைவர், லுமீர் ப்ரோகெஷ்" என்று கதவில் ஒட்டினேன். ஷார்கா படித்துவிட்டு, "குளிர்காலத்துலயா?" என்று மட்டும் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது.

ஜனவரி 11, புதன்

புது பூட்ஸ் கடிக்கிறது. கௌரவம் என்றால் சும்மாவா?

ஜனவரி 16, திங்கள்

வெளியே நல்ல பனி. உள்ளே - எப்படி எழுதுவது?

போஹுஷ் கொடுத்த டைட்டேனியம் பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போஹுஷ் எங்கள் வேதியியல்காரன். அவன் என்ன செய்தாலும் ரவை கிளறியது போலக் கட்டி கட்டியாகத்தான் வரும். இன்று அந்தக் கட்டிகளுக்கு நடுவே கனசதுரங்கள்! ஒவ்வொரு விளிம்பும் கத்தியால் சீவியது போல. ஒரு தலைமுடியை ஆயிரம் கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ, ஒரு பக்கம் அவ்வளவுதான். இந்தப் பொடி இப்படி வளர்ந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

வாசல் காவலாளி மற்றவர்களுக்கெல்லாம் தொப்பியைத் தூக்கி "வணக்கம், டோசென்ட் ஐயா" என்கிறான். எனக்கு மட்டும் "இன்ஜினியர் ஐயா", தொப்பி தலையிலேயே இருக்கும். டோசென்ட் என்பது பேராசிரியருக்கு ஒரே படி கீழே உள்ள பட்டம். என்னைவிடச் சின்னவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். கல்லறைக் கல்லிலாவது 'டோசென்ட்' என்று செதுக்க வேண்டாமா? வேண்டும். எனக்கு வேண்டும்.

ஜனவரி 18, புதன்

இயக்குநர் ஹவ்ரானெக்கிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதை வெச்சு டோசென்ட் ஆகலன்னா வேற எதை வெச்சு ஆவீங்க லுமீர்?" என்றார். பிப்ரவரி இருபது, தேர்வுக் குழு முன் உரை. நாளே குறித்துவிட்டார்!

நிறமாலை எங்கே என்று கேட்டார். வருகிறது என்றேன். ஷார்காவிடம் போய் நிற்பதா? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

ஜனவரி 26, வியாழன்

வெயில். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. கனசதுரம் ஒன்றுகூட இல்லை.

போஹுஷைப் பிடித்து உலுக்கினேன். எதையோ மாற்றியிருக்கிறான் என்று சந்தேகம். "நான் எதையும் மாத்தல சார். பீக்கரைக்கூடக் கழுவல" என்றான். அதைப் பெருமையாக வேறு சொல்கிறான்.

ஜனவரி 30, திங்கள்

இரவெல்லாம் பனி கொட்டியிருக்கிறது. காலையில் பார்த்தால் கனசதுரங்கள் பந்திக்கு வந்த உறவினர் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஆக, பனி பெய்தால் வருகின்றன, உருகினால் போகின்றன. குளிரை உணரும் படிகம்! காற்றழுத்தத்தை வைத்து ஒரு கோட்பாடே எழுதிவிட்டேன்.

மாலையில் போஹுஷ் அதிசயமாகப் பொடியைத் தண்ணீரில் கழுவினான். கனசதுரங்கள் மாயம். வேறொருவனாக இருந்தால் சோர்ந்து போயிருப்பான். நான் "ஈரத்தையும் உணரும்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

நிறமாலை இல்லாமல் குழு உரையை ஏற்காதாம். மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஷார்காவின் அறைக்குப் போனேன். அவள் வாயே திறக்காமல் மாதிரியை வாங்கி, ஒரு கனசதுரத்தின் மேல் எலக்ட்ரான் கற்றையை நிறுத்தினாள். திரையில் இரண்டு கோபுரங்கள் எழுந்தன: சோடியம், குளோரின். டைட்டேனியம் ரவைக் கட்டிகளில் மட்டும்.

மதியம் உணவகத்தில் உருண்டைக் கொழுக்கட்டையும் சோயிக்கீரைக் குழம்பும். எதிரே வந்து உட்கார்ந்து உப்புக் குப்பியை என் பக்கம் தள்ளினாள். "போட்டுக்கோப்பா. உன் கண்டுபிடிப்புதான்." இந்த வருடம் அவள் என்னிடம் முழுதாகப் பேசியது இதுதான்.

சாப்பிடாமல் எழுந்து வந்தேன். அவள் கருவி பழசு. ஏதாவது கோளாறாக இருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் - சேச்சே, அது எனக்கு எப்படிப் பொருந்தும்?

பிப்ரவரி 12, ஞாயிறு

காலையில் இவோனாவின் சத்தம். என் மனைவி சத்தம் போட்டால் மூன்றாம் மாடிக்காரர்கள் தங்கள் மேல் குற்றமோ என்று எழுந்துகொள்வார்கள். என் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு.

"ஏங்க, தெருவுல பனி உருகறதுக்காக முனிசிபாலிட்டிக்காரன் கொட்டுற உப்பையெல்லாம் நீங்கதான் வீட்டுக்குச் சுமந்துட்டு வரணுமா? உங்க ஆபீஸ்ல செருப்பு மாத்துறதே இல்லையா?"

மாற்றுவதில்லை. நான்தான் நிறுத்தினேன்.

மாதிரி தயாரிக்கும் அறையில் தரையோடு ஒரு சூடேற்றி காற்றை மேலே ஊதிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே உள்ள மேசையில்தான் மாதிரிகளைக் காய வைக்கிறேன். பனி பெய்தால் தெருவில் உப்பு. தெருவிலிருந்து பூட்ஸுக்கு. பூட்ஸிலிருந்து தரைக்கு. தரையிலிருந்து... ஐயோ.

பிப்ரவரி 13, திங்கள்

யாரும் வருவதற்கு முன்னால் போய், இடது பூட்ஸைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தேன். அதே விளிம்பு. அதே மூலை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். போஹுஷால் ஆறு வருடமாக முடியாததை என் பூட்ஸ் ஒரு மாதத்தில் செய்திருக்கிறது.

உப்பு. வெறும் தெரு உப்பு. அட மடையா! காத்தழுத்தக் கோட்பாடாம்! ஊரைக் கூட்டியாச்சு, நாளும் குறிச்சாச்சு. இப்ப என்னடா பண்ணப் போற?

பிப்ரவரி 14, செவ்வாய்

ஹவ்ரானெக்கிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அமைச்சகத்துக்குச் செய்தி போய்விட்டதாம். அடுத்த வருட மானியம் இந்தப் படத்தை நம்பித்தான் நிற்கிறதாம்.

"உப்புன்னு ஏன் சொல்றீங்க லுமீர்? சோடியம் குளோரைடு நுண்கனசதுரம்னு சொல்லுங்க. பொய்யா அது? குழுவுல யாரும் அதைக் குழம்புல போட்டுப் பாக்கப் போறதில்ல."

பொய் இல்லை. அதுதான் கஷ்டம். திரும்பி வந்து ஒரு தாளில் 'டோசென்ட் லுமீர் ப்ரோகெஷ்' என்று எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. இன்னொரு முறை எழுதினேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஷார்கா காட்டிக் கொடுப்பாளா? மாட்டாள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அது அதைவிடக் கொடுமை.

பிப்ரவரி 17, வெள்ளி

இவோனா என் கறுப்புக் கோட்டைச் சலவையிலிருந்து வாங்கி வந்து மாட்டியிருக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

முதல் படமே கனசதுரங்கள்தான். திரையில் அத்தனை பெரிதாக நான்கூடப் பார்த்ததில்லை. குழுவிலிருந்த ஒரு கிழவர் "ஆகா" என்றார். வாழ்க்கையில் என் வேலையைப் பார்த்து ஒருவர் ஆகா என்றது அதுதான் முதல் தடவை. அப்படியே போயிருக்கலாம்.

கடைசி வரிசையில் ஷார்கா. என்னைப் பார்க்கவில்லை, குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளைக் கோடு.

"இது உப்பு" என்றேன். "தெரு உப்பு. என் பூட்ஸ்லேருந்து வந்தது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இணையதளப் படம், கட்டைவிரல், அறிவிப்பு, சூடேற்றி, பூட்ஸைச் சுரண்டியது. ஆகா சொன்ன கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்கள் முறைத்ததும் இருமிக்கொண்டார். விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது என்று எழுதிக்கொண்டார்கள். ஹவ்ரானெக் என் பக்கம் திரும்பாமலே வெளியேறினார்.

வீட்டுக்கு வந்து இவோனாவிடம் சொன்னேன். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்" என்றாள். ஆனால் ஊற்றியது தண்ணீர் அல்ல, அவள் அண்ணன் காய்ச்சிய ப்ளம் சாராயம். இரண்டாவது கோப்பையில் அழுதேன். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவு வேண்டியிருந்தது. அவள் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

பிப்ரவரி 21, செவ்வாய்

"வணக்கம், இன்ஜினியர் ஐயா." தொப்பி அசையவில்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

இங்கே பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு; இன்று லுமீர், என் பெயர் நாள். வழக்கப்படி எல்லாருக்கும் உருளைக்கிழங்கு சாலட் தடவிய ரொட்டித் துண்டுகள் வாங்கி வைத்தேன். போஹுஷ் ஒருவனே ஆறு தின்றான். கிடங்கிலிருந்த செருப்பு அலமாரி வாசலுக்கு வந்து ஒரு வாரமாகிறது. பழைய அறிவிப்பை நானே கிழித்தேன்.

ஷார்கா ஒரு பொட்டலம் கொடுத்தாள். கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு. "விரல் வெளிய வர்ற வரைக்கும் போடு. வந்தா சொல்லு, தைச்சுத் தரேன்."

காலையிலிருந்து பனி. போஹுஷின் புதுப் பொடியைப் பார்த்தேன். கனசதுரம் ஒன்றும் இல்லை. ரவைக் கட்டி, ரவைக் கட்டியாகவே இருந்தது. அப்படியே பதிந்து வைத்தேன்.

மதியம் ஹவ்ரானெக் அமைச்சகத்து ஆட்கள் இரண்டு பேருடன் வாசலில் வந்து நின்றார். உரைக்குப் பிறகு இப்போதுதான் இந்தப் பக்கம் வருகிறார். மூவர் காலிலும் பூட்ஸ், சொட்டச் சொட்ட.

"பூட்ஸைக் கழட்டிடுங்க, பேராசிரியர் ஐயா" என்றேன்.

"விருந்தாளிங்க இருக்காங்க, இன்ஜினியர்."

"அவங்களும்தான்."

வந்தவர்கள் இருவரும், ஏதோ சொந்த வீட்டுக்கு வந்தது போல, சட்டென்று குனிந்து கழற்ற ஆரம்பித்தார்கள். ஹவ்ரானெக்குக்கு வேறு வழியில்லை. முதலில் வலது, பிறகு மெதுவாக இடது. காலுறை நுனியில் ஒரு ஓட்டை, அதில் கட்டைவிரல். இணையதளத்துக்குப் படமெடுக்க அவர் கையில் கேமரா இருந்தது. அதை மெல்லக் கோட்டுப் பைக்குள் நழுவ விட்டார்.

என் புதுச் செருப்பைக் கழற்றி அவர் பக்கம் தள்ளிவிட்டு, வெறும் காலுறையோடு போய் நுண்ணோக்கி முன் உட்கார்ந்தேன். நான்காம் நம்பர் டிராம் வந்தது. படம் நடுங்கியது.