வரதன் வாங்கித் தந்த காப்பி

செங்கல்பட்டு
12-3-1954, வெள்ளி

இரண்டு வருஷமாக அடுத்த நாற்காலியில் இருந்தும் மைக்கூட்டைக்கூட நகர்த்தித் தராத வரதன் இன்று எனக்குக் காப்பி வாங்கித் தந்தான். “கொழந்தைங்களுக்கு மகாபலிபுரம் காட்டினியா? திங்கக்கெழம லீவு போடுப்பா, ஒன் சீட்ட நான் பாத்துக்கறேன்” என்றான். மனம் இளகி அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அவனே தாசில்தாரிடம் கையெழுத்தும் வாங்கி வந்தான்.

சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போது பியூன் கன்னியப்பன், “இன்னா சார், திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுலேந்து இன்ஸ்பெக்சன் வராங்கோ, நீங்க லீவாமே? வரதன் சாராண்ட காலீலயே சொன்னேனே” என்றான்.

உள்ளே ஓடினேன். “அட, மறந்தே பூட்டேம்ப்பா” என்று சிரித்தான் வரதன். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமை குமாஸ்தா இடம் காலியாக இருக்கிறது. போட்டியில் நாங்கள் இருவர்தான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்; மகாபலிபுரம் போகவில்லை என்றதும் பெரியவள் அழுதாள். “அவர் நல்ல எண்ணத்துல சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள் என் மனைவி. இருக்கலாம். நாளை முதல் வேலையாக லீவுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. கடிதத்தோடு என் பைல்கள் இருக்கும் ஆபீஸ் பீரோ சாவியையும் அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அது இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.