அவர் பேருக்குப் பூசை வேண்டாம்

அத்தை,

காலையிலிருந்து பக்கத்து வீட்டில் மைதாப் பசை காய்ச்சுகிற வாடை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தத்தை அள்ளிப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, மூக்கைப் பிடுங்குகிறது. கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கிற ஆகமன காலம் பிறந்துவிட்டது. பிள்ளைகள் மூங்கில் பிளாச்சும் வர்ணத் தாளுமாக நட்சத்திரம் ஒட்ட உட்கார்ந்துவிட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன வருஷம், குண்டு போடுவான் என்று பயந்து, சாந்தோம் முழுக்க வாசலில் விளக்கு கூடாது என்று உத்தரவு. துறைமுக வேலைக்கு அங்கே போன உங்கள் மகனிடமிருந்து, என் வீட்டுக்காரரிடமிருந்து, கடிதம் நின்று மாதக்கணக்காகியிருந்தது. நீங்களோ எந்த வருஷமும் இல்லாத பெரிய நட்சத்திரமாகக் கட்டி வாசலில் தொங்கவிட்டீர்கள். ரோந்து வந்த வார்டன் தடியால் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? வெளக்கு ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

"ஏத்தல நைனா. சும்மாதான் தொங்கிக்கினு கீது."

"இருட்டுல யாருக்குத் தெரியப்போவுது?"

"என் புள்ள பகல்ல வந்தான்னா?"

மனிதர் நடையைக் கட்டினார். உள்ளே நின்று நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு மிச்சமிருந்தது.

சண்டை முடிந்தது. கப்பலில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். உங்கள் மகனைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அடையாற்றிலிருந்து உங்கள் தம்பி வந்தார்.

"எத்தினி நாளு இப்டியே குந்திக்கினு இருப்பே, அக்கா? அவன் ஆத்துமத்துக்கு ஒரு பூசை வெச்சிடு."

"ஆகமனம் வருதுடா. வர்றவருக்காக ஊரே காத்துக்கினு கீது. நான் மட்டும் கோயில்ல போயி, என் புள்ள வரமாட்டான்னு சொல்லணுமா?"

அவர் அடையாற்றுக்கே திரும்பிப் போனார். எனக்குத்தான் உங்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பூசை வைத்திருந்தால் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பேன். அழவும் விடாமல் என்னை இப்படி வாசலைப் பார்க்க வைத்துவிட்டாளே இந்தக் கிழவி என்று கரித்துக் கொட்டினேன். மனசுக்குள்தான். உங்கள் முன்னால் பேச யாருக்குத் தைரியம்?

இந்த ஐப்பசி மழையில், நாலு நாள் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். மரித்தவர்களுக்கான பூசைக்குக் கோயில் உபதேசியார் பெயர் கேட்டார். உங்கள் பெயரைக் கொடுத்தேன். கூட நின்ற உங்கள் தம்பி மெதுவாகச் சொன்னார்: "அவன் பேரையும் குடுத்துடும்மா. இனிமே உன்னைத் தடுக்க யாரு கீறாங்க?"

யாரும் இல்லைதான். இத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்டதும் அதற்குத்தான். ஆனால் வாயைத் திறந்தால் வேறென்னவோ வருகிறது, அத்தை.

"அவரு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

நேற்று ஆகமனத்தின் முதல் ஞாயிறு. கோயிலில் சுவாமியார் ஊதா உடுப்பில் பூசைக்கு வந்தார். வீட்டுக்கு வந்து ராத்திரி ஜெபத்தை நானே ஆரம்பித்தேன். 'போனவரைப் பத்திரமாகக் கொண்டுவாரும் ஆண்டவரே' என்று இத்தனை காலம் நீங்கள் சொல்வீர்கள், நான் ஆமென் மட்டும் சொல்வேன். அந்த ஒரு வார்த்தைக்குக்கூடத் துணை வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நேற்று அந்த வரியை நானே சொல்லிவிட்டு, பழக்கத்தில் நீங்கள் முழங்காலிடுகிற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஆமெனையும் நானே சொன்னேன்.