மூன்றாவது பலகை

தங்கச்சிக்கு,

படிக்காமல் கிழித்தாலும் சரி, எழுதுகிறேன். நம் கலையரங்கத்தை நாளைக்கு இடிக்கிறார்கள்.

நகராட்சி பூட்டினதைத் திறக்கச் சொல்லி தெருவே சேர்ந்து மனு கொடுத்தோம். பழுது பார்த்துத் திறப்பார்கள் என்று நம்பி, ஒழுகுவது, விரிசல் விட்டது எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்லத் தையல்காரர் எழுதினார். "போதும்க்கா, பேப்பர் தீருது" என்றார். நான் விடவில்லை. அதிகாரி அதையே நீட்டி, "ஆபத்தான கட்டடம்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க, பாட்டி?" என்றார்.

உன் மகள் கல்யாணத்திலும் இப்படித்தான் குறைகளை அடுக்கினேன். அன்றோடு பேச்சை நிறுத்தினாய். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ அங்கே பாடிய அன்று மேடையில் மூன்றாவது பலகை கிறீச்சிட்டதைக்கூட எழுதச் சொன்னேன். அன்றைக்கு அரங்கமே அசையாமல் உன்னைக் கேட்டதைச் சொல்லவில்லை.

அக்கா