உளுந்தங்களி வாசம்

என் பாவாயி அக்காவுக்கு,

நீ போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் சொல்லத் தோன்றியதையெல்லாம் இதுவரை மனசுக்குள்ளேயே சொல்லி முடித்துவிடுவேன். இன்று முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இடுப்பில் தூக்கித் திரிந்த நம் தம்பி நாச்சிமுத்துவுக்கு ஒரு மகள் இருக்கிறாள். உன் பெயரைத்தான் வைத்திருக்கிறான். பன்னிரண்டு வயது. மாரண்டஹள்ளியில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில் சேர்த்து, என்னோடு வைத்துக்கொண்டிருக்கிறேன். "வயசுக்கு வர்ற வரைக்கும் படிக்கட்டும்க்கா. அப்பறம் நீ ஒண்ணுஞ் சொல்லக் கூடாது" என்றுதான் விட்டுப்போனான்.

போன வாரம் அவள் வயதுக்கு வந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அத்தே, அப்பாவுக்குச் சொல்லாதீங்க" என்றாள். சொல்லவில்லை. பச்சை ஓலைக் குடிசை இல்லை, சீர் இல்லை. பாவாடையை நானே அலசி வீட்டுக்குள் உலர்த்தினேன்.

ஆனால் பிள்ளை முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்ததும் என் படிப்பெல்லாம் எங்கே போனதோ! உளுந்தை வறுத்து அரைத்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டிவிட்டேன், அம்மா உனக்குக் கிண்டியது போலவே.

நெருப்பு வாங்க வந்த அடுத்த வீட்டு மாராயி வாசலிலேயே நின்றாள். "என்னங்க டீச்சரம்மா, களி வாசம் தெருவத் தூக்குது. யாருக்குங்க?"

"எனக்குத்தான். இடுப்பு வலி."

"அட, நீங்க இப்பத்தான் வயசுக்கு வந்தீங்களா?"

சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு சந்தைக்குப் போய், அங்கிருந்து வண்டியேறித் தம்பி வீடு வரைக்கும் போய்விட்டது.

நேற்று வந்தான். மாப்பிள்ளை பார்த்தாயிற்றாம். பதினான்கு ஆகாமல் கட்டிக்கொடுத்தால் வெள்ளைக்காரன் சட்டப்படி குற்றம் என்றேன்.

"உன் சட்டம் இங்கதானக்கா. ஓசூரத் தாண்டுனா மைசூர் ராஜா சீமெ. அங்க ஒரு கோயில்ல முடிச்சுட்டு வந்தா எந்தப் போலீசு கேக்குது?"

"எங்க போய் நடத்துனாலும் உன்னையப் புடிக்கலாம்னு சட்டத்தத் திருத்தியாச்சுடா."

"புடிக்கட்டும். ஏறுன தாலி எறங்கிருமா?"

அது உண்மைதான், அக்கா. நடந்துவிட்டால் அவனைத் தண்டிப்பார்கள். தாலியை எந்தக் கோர்ட்டும் அவிழ்க்காது. நடக்கும் முன்னே நீதிபதி தடுக்கலாம். ஆனால் யாராவது போய் மனுக் கொடுக்க வேண்டுமே. வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான்.

அவன் கெட்டவன் இல்லை. உன் பிரசவத்தன்று வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், சின்னப் பயல். உள்ளே உன் குரல் நின்றுபோனது எனக்குக் கேட்டது. அவனுக்கு நினைவிருக்காது. பதின்மூன்று வயதில் நீ போன பிறகுதான் அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். நீ இருந்திருந்தால் நான் படித்திருப்பேனா?

கூடப்பிறந்தவனைக் கோர்ட்டில் நிறுத்தினால் நம் ஊரில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பார்களா? "டீச்சரம்மாகிட்ட விட்டா கோர்ட்டுக்கு இழுத்துருவாங்க" என்று மற்றப் பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டால்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

நாளைக் காலை, யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் தருமபுரி கோர்ட்டுக்குப் போகிறோம். அவளிடம் சொல்லிவிட்டேன். "நாளான்னிக்குப் பூகோளப் பரீட்சை அத்தே. அதுக்குள்ள திரும்பிர்லாமில்லீங்க?" என்றாள்.

மனு எழுதிவிட்டேன். 'பாவாயி, வயது பன்னிரண்டு' என்ற இடத்தில் மட்டும் பேனா ஓடவில்லை. உன்னையே எழுதுவது போல் இருந்தது.

பயம் போகவில்லை, அக்கா. போகும் வரை காத்திருக்க நேரமும் இல்லை. பயந்துகொண்டே பஸ் ஏறுவேன். இந்தப் பாவாயிக்குப் பதின்மூன்று முடிந்து பதினான்கு வரும். அன்றைக்கும் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். உனக்கு இது நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கை,
உன் பெயர்க்காரிக்கு அத்தை